கண்ணைப் பார்க்குது கம்ப்யூட்டர்... காசு போடுவது யார்?

விளாத்திகுளம் தாலுகா குளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரையும் சாப்பிடுகிறார், ஞாபகம் வந்தால்! காலில் புண் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். கண்ணுக்கு? கண்ணுக்கு என்ன வந்தது, பஸ் போர்டு நன்றாகத்தானே தெரிகிறது?

சிக்கலே அங்கேதான். சர்க்கரை நோய் கண்ணின் உள்ளே இருக்கிற விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. குழாய் புடைக்கும், கசியும், அடைபடும். இத்தனையும் நடக்கும்போது பார்வையில் பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. வலியும் இல்லை. மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்போது பாதிப் பயிர் கருகியிருக்கும். லேசர், ஊசி என்று சிகிச்சை இருக்கிறது. இருக்கிற பார்வையை அது காப்பாற்றும். போனதைத் திருப்பித் தருவது கடினம். ஆகவே சர்க்கரை உள்ளவர் எல்லோரும், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருஷத்துக்கு ஒரு முறையாவது விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். வருஷத்துக்கு ஒரு முறை 10 கோடிப் பேருக்கு இரண்டு கண்ணையும் படம் எடுத்து ஒவ்வொன்றையும் கண் டாக்டர் பார்ப்பது என்றால் நடக்கிற காரியமா? இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உள்ளே வருகிறது. அதன் பின்னாலேயே முதலீட்டாளரும் வருகிறார்.

2016ஆம் ஆண்டு கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் மென்பொருள். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பயன்பட்ட படங்கள் 1,28,175. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை, 54 கண் டாக்டர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தார்கள். படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து. மற்றவை மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று கண் ஆஸ்பத்திரிகளிலிருந்து! கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்குக் கண்ணை வாசிக்கக் கற்றுக்கொடுத்ததில் தென் மாவட்டத்துக் கண்களுக்கும் பங்கு உண்டு. (பருத்தி கொடுத்தவனுக்குச் சட்டையில் பங்கு உண்டா என்பது கரிசல் காட்டின் பழைய கேள்வி. அதை இங்கேயும் கேட்கலாம். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. ஆதாயத்தில் பங்கு என்று அது எதையும் தரவில்லை.)

சரி, மென்பொருள் வேலை செய்கிறதா? செய்கிறது. முதல் கட்டுரையில், சோதனைக்கென்று ஒதுக்கிய படங்களில், அதிகம் தவறவிடாதபடி திருகி வைத்தபோது 100 நோயாளிகளில் 96, 97 பேரைக் கண்டுபிடித்தது. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த 3,049 நோயாளிகளிடம் சோதித்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில் கண்டுபிடிக்கும் திறன் 88.9 சதவீதம். நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொன்னது 92.2 சதவீதம். படம் வாசிக்கப் பயிற்சி பெற்ற மனிதர்களோடு ஒப்பிட்டால் இது அவர்களுக்குச் சமம் அல்லது மேல். ஆனால் சோதனைக்கூடத்தின் 97 நிஜ ஆஸ்பத்திரியில் 89 ஆனது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதலீட்டாளர்களுக்குக் காட்டும் படங்களில் பெரும்பாலும் முதல் எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும்!

அரவிந்த் அத்தனை ஒழுங்கான இடம். அங்கேயே இப்படி என்றால், மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு கிராமத்து அறையில்? இதற்கும் விடை இருக்கிறது. அதே கூகுள் குழு தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் தங்கள் கருவியை வைத்து என்ன நடக்கிறது என்று கவனித்து, 2020ல் நேர்மையாக எழுதினார்கள். ஐந்தில் ஒரு படத்தை மென்பொருள் வாங்கவே மறுத்துவிட்டது. வெளிச்சம் சரியில்லை, படம் தெளிவில்லை. நர்ஸுக்கு நோய் கண்ணில் தெரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் முடியாது என்கிறது! இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நகரவில்லை. படம் தேறாவிட்டால் வேறு ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று விதி. போக வர யார் லீவு கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு.

குளத்தூரில் இந்தக் கருவியை வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தாய்லாந்து அனுபவமே போதும். கணக்கு சரியாக இருக்கும். கணக்கைச் சுற்றி இருக்கிற வெளிச்சம், சிக்னல், நாற்காலி, படம் எடுக்கிற பெண்ணின் கைப்பழக்கம், மறுநாள் வேலை, இவை சரியாக இருக்குமா என்பதுதான் கேள்வி. (சிக்னல் பிரச்சினைக்கு மட்டும் ஓரளவு தீர்வு வந்துவிட்டது. பெங்களூரு ரெமிடியோ நிறுவனத்தின் கருவி மாதிரி, இணையமே இல்லாமல் செல்போனிலேயே படத்தை எடைபோடுகிற வகைகள் இப்போது இருக்கின்றன.)

இனி காசு விஷயம். வணிகவியல் முதல் வருஷத்தில் சொல்லித்தருகிற நிலையான செலவு, மாறும் செலவு பாடத்தை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு கணக்குக்காக மட்டும் எண்களை எடுத்துக்கொள்வோம். விழித்திரைக் கேமரா 5 லட்சம் ரூபாய், 5 வருஷம் உழைக்கும், ஆக வருஷத் தேய்மானம் 1 லட்சம். படம் எடுக்கிறவருக்கு மாதம் 12,000 சம்பளம், வருஷத்துக்கு 1,44,000. மொத்தம் 2,44,000. வருஷத்தில் 250 வேலைநாள், நாளுக்கு 10 பேர் என்றால் 2,500 பேர். ஆளுக்குச் செலவு 98 ரூபாய்தான். ஒரு கண் டாக்டர் ஃபீஸை விடக் குறைவு, பிரமாதம்! அதே கேமராவின் முன்னால் நாளுக்கு 3 பேர்தான் வந்து உட்கார்ந்தால்? வருஷத்துக்கு 750 பேர். ஆளுக்கு 325 ரூபாய். மென்பொருள் ஒரு எழுத்து மாறவில்லை. செலவு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

ஆக இந்தத் தொழிலின் லாப நஷ்டம் ஏ.ஐ. எவ்வளவு புத்திசாலி என்பதைவிட, நாற்காலியில் எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஹெல்த் டெக் என்று பேச்செடுத்தாலே பணம் போவது முதலாவதற்குத்தான். இரண்டாவதற்குப் பணம் கேட்டால், அது சமூக சேவை ஆயிற்றே என்று ஒரு புன்னகை!

அமெரிக்காவில் இந்த விஷயம் வேறு மாதிரி நடந்தது. 2018 ஏப்ரலில் ஐ.டி.எக்ஸ். என்ற கருவிக்கு, டாக்டர் இல்லாமல் தானே முடிவு சொல்ல அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. 2021லிருந்து இந்தப் பரிசோதனைக்கென்று காப்பீட்டில் தனிக் குறியீட்டு எண் அமலுக்கு வந்தது. ஒரு கண்ணை மெஷின் பார்த்தால் இன்ன தொகை என்று பில் போடலாம். பில் போட முடிந்தால் வருமானம் உண்டு, வருமானம் உண்டென்றால் முதலீடு உண்டு. இங்கே குளத்தூர்க்காரர் கண்ணை மெஷின் பார்த்தால் பில் யாருக்கு? அவருக்கா? கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லும் மனிதர், கண் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நூறு ரூபாய் எடுத்து நீட்டுவாரா?

இலவசமாகச் செய்வார்கள் என்று ஒரு பதில் வரும். 2024ல் கூகுளும் அதன் கூட்டாளிகளும் (இந்தியாவில் ஃபோரஸ் ஹெல்த், மதுரை ஆரோலேப், தாய்லாந்தில் பெர்செப்ட்ரா) 10 ஆண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகளை நோயாளிகளுக்குக் கட்டணம் இல்லாமல் செய்வதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 6 லட்சம். அத்தனையும் இந்தியாவுக்கே வந்தாலும், 10.1 கோடியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

இலவசம் என்றாலே ஜனம் வந்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அரவிந்த் மருத்துவமனையினரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 1999ல் வெளிவந்தது. கண் முகாம் இலவசம், ஊருக்கே தேடி வருகிறது. அப்படியிருந்தும் கண் பிரச்சினை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான்! பஸ் காசு, சாப்பாடு, போன நாளின் கூலி, கூட வர ஆள், பயம்... இலவசத்துக்கும் விலை உண்டு. இந்த அதிர்ச்சிக்குப் பிறகு அரவிந்த் கையில் எடுத்த வழிகளில் ஒன்றுதான் பார்வை மையங்கள். சின்ன ஊரில் ஒரு சின்ன அறை, பயிற்சி பெற்ற பெண்கள், கேமரா, கம்ப்யூட்டர் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரோடு பேச்சு. டெலிமெடிசின் என்ற சொல் இங்கே பலருக்கும் புதிதாக இருந்தபோதே தேனிப் பக்கம் இது நடந்தது.

பெரிய பணம் போன வழிகளையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். லண்டனில் பேபிலோன் ஹெல்த். செல்போனில் பேசினால் ஏ.ஐ. நோயைப் பிரித்துச் சொல்லும் என்றார்கள். 2021ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு சுமார் 420 கோடி டாலர். 2023ல் திவால். ஐ.பி.எம்.மின் வாட்சன் புற்றுநோய்க்கு ஆலோசனை சொல்லும் என்றார்கள், பெங்களூரு மணிப்பால் வரை வந்தது. 2022ல் அந்தப் பிரிவை ஐ.பி.எம். விற்றுவிட்டது.

தமிழருக்குச் சம்பந்தப்பட்ட கதையும் ஒன்று உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த வேலுமணி 1996ல் மும்பையில் தைரோகேர் ஆரம்பித்தார். ஒரே இடத்தில் பெரிய ஆய்வுக்கூடம், நாடு முழுக்க ரத்த மாதிரி சேகரிப்பு, அளவு பெருகப் பெருக விலை குறைப்பு. அங்கே ஏ.ஐ.யும் இல்லை, அலங்காரமும் இல்லை. 2021ல் அதன் 66 சதவீதப் பங்கை பார்மஈசியின் தாய் நிறுவனம் 4,546 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாங்கிய நிறுவனத்தின் மதிப்பு அப்போது 560 கோடி டாலர் என்றார்கள். கடன் நெருக்கியது. 2022ல் பங்கு வெளியீட்டைக் கைவிட்டது. 2023ல் பழைய மதிப்பிலிருந்து 90 சதவீதம் குறைத்து உரிமைப் பங்கு வெளியிட வேண்டியதாயிற்று. ரத்தத்தைப் பரிசோதித்து, செலவு போக மிச்சம் பார்த்த கம்பெனி நின்றது. அதை வாங்கிய ஆப் மூச்சு வாங்கியது.

கரிசல் விவசாயிக்கு ரிஸ்க் புதிதல்ல. ஆவணி, புரட்டாசியில் மழை வரும் முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். துணிகர முதலீடு என்று இன்றைக்குச் சொல்வது வேறென்ன? ஒரு வித்தியாசம், மழை பொய்த்தால் இங்கே போவது விதைத்தவன் வீட்டு உளுந்து. அங்கே பெரும்பாலும் போவது அடுத்தவன் காசு.

அப்படி விதைத்த ஒருவர் இந்தக் காட்டிலேயே பிறந்தார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம். 1918 அக்டோபர் 1ல் அங்கே பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர் கண் பக்கம் திரும்பி, அந்த விரல்களைப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை செய்தார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். முதலீடு? வீட்டை அடமானம் வைத்தார்கள், குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகவோ குறைத்தோ பார்ப்பது என்ற ஏற்பாட்டில் அது தன் காலிலேயே வளர்ந்தது. திருநெல்வேலியில் கிளை வந்தது 1988ல்.

இந்தக் கதையில் தொழில்நுட்ப முதலீடு என்று தேடினால் கிடைப்பது 1992. புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்று 100 டாலர் அளவில். ஏழைகளுக்கு அது கட்டுமா? லென்ஸ் இல்லாமல் அறுவை செய்து, சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான். லென்ஸைத் தாங்களே செய்வது என்று முடிவெடுத்து மதுரையில் ஆரோலேப் தொடங்கினார்கள். லாபம் பிரித்துக்கொள்ளாத அறக்கட்டளை. விலை 10 டாலருக்கு வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. இன்றைக்கு 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

ஆரோலேப் செய்ததைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். லென்ஸ் அவர்கள் கண்டுபிடிப்பல்ல. அறுவை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, நோயாளி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார், டாக்டர் இருந்தார், படுக்கை இருந்தது. எந்த ஒரு பொருளின் விலை மட்டும் குறுக்கே நின்றதோ, அந்த ஒன்றில் பணத்தைப் போட்டார்கள்.

அதே கேள்வியைக் குளத்தூருக்குக் கேட்டால் என்ன வரும்? மென்பொருள் இருக்கிறது. நோயாளிப் பட்டியலும் இருக்கிறது! 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் சர்க்கரை இருக்கிறது என்பது அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். கம்பெனிகள் வாடிக்கையாளரைப் பிடிக்கவே கோடி கோடியாகச் செலவு செய்கின்றன, இங்கே அது கையில் இருக்கிறது. குறுக்கே நிற்பது கேமரா, அதைப் பிடிக்கிற ஆள், அப்புறம் போக்குவரத்து. ஒரு கேமராவைக் குளத்தூரிலேயே வைத்துப் பூட்டினால் நாளுக்கு 3 பேர் கணக்குதான் வரும். திங்கள் குளத்தூர், செவ்வாய் வைப்பார், புதன் சூரங்குடி, வியாழன் வேம்பார் என்று சுற்றினால் 10 பேர் கணக்குக்குப் போகலாம். மக்களைத் தேடி மாத்திரை போகிறபோது கேமரா போகக்கூடாதா?

பில் யாருக்கு என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. பார்வை போன ஒருவர் குடும்பத்துக்கும் அரசுக்கும் வைக்கிற செலவோடு ஒப்பிட்டால் 98 ரூபாய் பெரிதல்ல. ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு என்று அரசு ஒரு விலையை நிர்ணயித்துவிட்டால், தனியார் பணம் தானே வரும். விலையே இல்லாத சந்தைக்கு யார் வருவார்? அதிலும் படம் எடுத்ததற்கு முழுக் காசு என்று வைத்தால் படமாக எடுத்துத் தள்ளுவார்கள். பாதியைப் படத்துக்கும், மீதியைப் பாதிப்புள்ளவர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கொடுத்தால், அந்தக் கம்பெனியே அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போகும்.

எல்லாவற்றுக்கும் ஏ.ஐ. வேண்டும் என்பதும் இல்லை. காசநோய்ச் சாவைக் குறைக்கத் தமிழக அரசு 2022ல் தொடங்கிய திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் பார்ப்பது எடை, உயரம், மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, கால் வீக்கம், தானே எழுந்து நிற்க முடிகிறதா என்பதுதான். ஆபத்தில் இருப்பவரைப் பிரித்து உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க அதுவே போதுமாக இருக்கிறது. விழித்திரை அப்படியல்ல, வெளியிலிருந்து தெரியாது. அங்கே மெஷினுக்கு வேலை இருக்கிறது.

அரவிந்தின் கண் முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. அறுவை தேவை என்று தேர்ந்தெடுத்தவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். சாப்பாடு, படுக்கை, அறுவை, மறுபடி ஊருக்குத் திரும்பப் பஸ். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று விட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்தது. கரிமூட்டக்காரர் கையில் மெஷின் ஒரு சீட்டைக் கொடுக்கும்: பாதிப்பு இருக்கிறது, மேல் சிகிச்சைக்குப் போகவும். மறுநாள் மூட்டம் பிரிக்க வேண்டும், ஆள் சொல்லியாகிவிட்டது. ஹெல்த் டெக் கம்பெனியின் செலவுப் பட்டியலில் சர்வர் இருக்கும், சம்பளம் இருக்கும், விளம்பரமும் இருக்கும். அந்தப் பஸ்ஸின் டீசல் எந்த வரியில் இருக்கிறது என்று பணம் போடுகிறவர் முதலில் கேட்டுப் பார்க்கட்டும்.